வளை தோண்டாத முயல்

கேள்வி (ஏரல் வாசகர்): அண்ணாச்சி, வெளிநாட்டில் முயல் பிடிக்க ஃபெரெட் என்றொரு பிராணி வளர்க்கிறார்களாம். கொற்கைப் பக்கம் முயல் நடமாட்டம் உண்டு. வாங்கினால் ஆண் வாங்கவா, பெண் வாங்கவா?

பதில்: முதலில் முயலைப் பார்ப்போம், பிறகு ஃபெரெட்டுக்கு வருவோம். ஃபெரெட்டின் வேலையே வளைக்குள் நுழைவதுதான். ஐரோப்பிய முயல் மண்ணுக்கடியில் பல வாசல் வைத்து வளை தோண்டிக் கூட்டமாகக் குடியிருக்கும். ஃபெரெட் ஒரு வாசலில் நுழைந்தால் முயல் இன்னொரு வாசலில் பாய்ந்து வெளியேறும். நம் முயல் வேறு இனம். பிடரியில் கறுப்பு மயிர் உள்ள இது வளை தோண்டாது. புல்லடியில், உடைமரத்து நிழலில், தன் உடம்பளவுக்கு மண்ணை அழுத்திப் படுத்திருக்கும். ஆபத்து வந்தால் ஓட்டம்தான். ஆணை விட்டாலும் பெண்ணை விட்டாலும் நுழைய வாசல் இல்லை.

கேள்வி (திரேஸ்புரம் வாசகர்): வளை உள்ள நாட்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில்: கடற்கரைக்காரர் கேட்டது நல்லதாயிற்று, இது வலை சமாசாரம். இங்கிலாந்தில் வளையின் ஒவ்வொரு வாசலிலும் சிறு சுருக்குப்பை வலை விரிப்பார்கள். ஓடிவரும் முயல் அதில் விழுந்ததும் வாய் இறுகிக்கொள்ளும். ஃபெரெட்டில் ஆண், பெண்ணைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை. பெட்டை ஒல்லி என்பதால் வலைக்கண்ணில் சிக்காமலும் வலையைக் கலைக்காமலும் உள்ளே போய் வரும். இடுக்கான வளையிலும் நுழையும். அதனால் வலை போடுகிறவர்களில் பலருக்குப் பெட்டைதான் பிடிக்கும்.

ஆணுக்குப் பலம் அதிகம். அந்தப் பலமே சிக்கலும்கூட. ஓடவிட வேண்டிய முயலை உள்ளேயே கொன்று, தின்று, அங்கேயே சுருண்டு தூங்கிவிடும். அப்புறம் மண்வெட்டி எடுத்துத் தோண்ட வேண்டியதுதான். பெட்டையும் அப்படிச் செய்வதுண்டு. அதற்காகவே இப்போது கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் பட்டை கட்டி, எத்தனை அடி ஆழத்தில் படுத்திருக்கிறது என்று மேலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். ஆணின் வாடையும் கடுமை, அதிலும் இணைசேரும் பருவத்தில் கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் வலைக்குப் பெட்டை. ஆனால் அடுத்த பதிலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி கல்லூரி மாணவி): துணை சேராத பெட்டை ஃபெரெட் செத்துவிடும் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான், கட்டுக்கதை இல்லை. இணை சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் மாதக்கணக்கில் நீளும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் கூடிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், இரத்தம் ஊறுவது நின்றுபோகும். கடைசியில் சோகை, பல சமயம் மரணம். அதனால் குட்டி வேண்டாம் என்பவர்கள் கருத்தடை செய்கிறார்கள், அல்லது ஊசி போடுகிறார்கள், அல்லது விந்துக்குழாய் வெட்டிய ஆணோடு சேர்த்துப் பருவத்தை முடிக்கிறார்கள். பெட்டையை வாங்குகிறவர் இந்தப் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார். விலை கேட்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, அதனால்தான் நீட்டிச் சொல்கிறேன்.

கேள்வி (உடன்குடி பனைத் தொழிலாளி): எங்கள் பனையில் ஏறிக் கலயத்துப் பதநீரைக் குடிக்கும் மரநாயும் ஃபெரெட்டும் ஒன்றா?

பதில்: இல்லை. மரநாய் புனுகுப்பூனைக்குச் சொந்தம், ஃபெரெட் நீர்நாய்க்குச் சொந்தம். பார்வைக்குக் கீரியின் சாயல் இருந்தாலும் கீரிக்கும் அது உறவில்லை.

கேள்வி (ஆழ்வார்திருநகரி ஆசிரியர்): கொற்கைக்கும் இந்தப் பிராணிக்கும் ஏதாவது தொடர்பு சொல்ல முடியுமா?

பதில்: முடியும், ரோம் வழியாக! ஸ்பெயின் பக்கம் முயல் பெருகிப் பயிரை அழித்த கதையைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். லிபியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பிராணியை வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விடுவார்களாம். அது முயலை நகத்தால் இழுத்து வரும், அல்லது வெளியே விரட்டும். மேலே ஆட்கள் காத்திருப்பார்கள். இதைத்தான் ஃபெரெட் வேட்டையின் பழைய குறிப்பாக அறிஞர்கள் காட்டுகிறார்கள். பலேரிக் தீவுக்காரர்கள் முயல் தொல்லை தாங்காமல் ரோமப் பேரரசன் அகஸ்டஸ் சீசரிடம் படை உதவி கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அதே அகஸ்டஸுக்குப் பாண்டிய மன்னன் பரிசும் தூதும் அனுப்பியதை அதே ஸ்ட்ராபோ குறிக்கிறார். அந்தப் பாண்டியரின் முத்துத்துறை கொற்கை, பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூலில் 'கொல்கோய்'. முயலுக்குப் பயந்த தீவின் முறையீடும் பாண்டியனின் பரிசும் ஒரே பேரரசன் காலடிக்குப் போயிருக்கின்றன. எனக்கு இதை நினைத்தாலே உற்சாகம் வருகிறது. இன்று கடல் கொற்கையைவிட்டுச் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. துறை இருந்த ஊரைச் சுற்றி வயலும் வாழையும்.

கேள்வி (சாத்தான்குளம் விவசாயி): கடலைச் செடியை முயல் மேய்ந்துவிடுகிறது. நாலு ஃபெரெட்டை அவிழ்த்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். நியூசிலாந்து 1880களில் அதைத்தான் செய்தது. முயல் ஒழியவில்லை, பறக்கத் தெரியாத கிவி போன்ற பறவைகள்தான் இரையாயின. 2002இல் அங்கே ஃபெரெட் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் தடை செய்தார்கள். நீங்கள் வரப்பில் கம்பிவலை கட்டுங்கள், அடியை மண்ணில் புதையுங்கள்.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): ஃபெரெட் போகட்டும். நம்ம கன்னி, சிப்பிப்பாறை நாய்களில் வேட்டைக்கு ஆணா, பெட்டையா?

பதில்: ஓடும் முயலுக்கு ஓடும் நாய் என்று கரிசல் காட்டுக்காரர்கள் அன்றே சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் குணம். வேகத்தில் ஆண், பெட்டை என்ற பேதம் பெரிதில்லை. கிரேஹவுண்டு பந்தயத்தில் இரண்டையும் ஒரே ஓட்டத்தில்தான் விடுகிறார்கள். பெட்டைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும், இரண்டு மூன்று வாரம் கட்டிக் காக்க வேண்டும். சினையானால் 63 நாள். இந்தச் சிரமத்துக்குப் பயந்து பெட்டைக் குட்டியைக் கழித்துக் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பெட்டையைக் கழித்துக் கழித்து எந்த இனத்தைக் காப்பாற்றுவீர்கள்? கல்யாணத்தில் பெண்ணோடு அனுப்பியதால்தான் கன்னி என்று பேர் வந்ததாக ஒரு வழக்கு உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு பெட்டையை ஒதுக்கலாமா?

வேட்டைக்கு என்று கேட்டீர்கள். அதற்கு என் பதில் 'எதுவும் வேண்டாம்'. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் காக்கிறது. கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, துரத்துவது, அதற்கு முயற்சி செய்வதுகூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். நாய் ஓடட்டும், உங்கள் வாகனத்தின் பின்னால், உங்கள் தோட்டத்துக்குள், விடியற்காலையில்.

கேள்வி (அதே ஊர், வேறு வாசகர்): சாமி கும்பிட்டுப் போகும் பாரிவேட்டைக்குமா தடை?

பதில்: ஆமாம். உயிரைக் கொல்லாமலும் வேட்டைத் திருவிழா நடத்தலாம். கன்னியாகுமரி பகவதி அம்மன் விஜயதசமி அன்று மகாதானபுரத்தில் பரிவேட்டை நடத்துகிறாள். அம்பு பாய்கிறது, பாணாசுரன் வதமாகிறான். ஒரு முயலுக்கும் காயமில்லை, திருவிழாவுக்கும் குறைவில்லை.

கேள்வி (சாயர்புரம் வாசகி): முயல் கறி ஆசை விடவில்லையே, அண்ணாச்சி?

பதில்: பண்ணை முயல் வளர்க்கலாம், தடையில்லை. ஆண்-பெண் கணக்கு உண்மையிலேயே உதவுவது இங்கேதான். ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். இணைசேர்க்கப் பெட்டையை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். மாற்றிச் செய்தால் தன் இடத்தில் நுழைந்தவனைப் பெட்டை கடித்து விரட்டிவிடும். சினை ஏறக்குறைய ஒரு மாதம். நம் வெயில்தான் எதிரி. சூடு 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் ஆணின் விந்து பாழாகும், கூரைக்கு ஓலையும் நீரும் கட்டாயம். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். இன்னொன்று: பண்ணை முயல் ஐரோப்பிய வம்சம். மண்தரையில் விட்டால் வளை தோண்டித் தப்பிவிடும்.

கேள்வி (கொற்கை, ஆறாம் வகுப்பு மாணவன்): எனக்கு முயலைப் பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும். எங்கே போவது?

பதில்: உன்னைப் போன்றவர்தான் எனக்கு வேண்டும், தம்பி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வல்லநாட்டுக்குப் போ. 1987இல் வெளிமானுக்காக அறிவித்த சரணாலயம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களில் தென்கோடியில் இருப்பது அங்கேதான். அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். பகலில் முயல் படுத்தே கிடக்கும், கிட்டத்தில் கால் வைக்கும்வரை அசையாது. வெயில் சாய்ந்த பிறகு புதர் ஓரத்தில் சத்தமில்லாமல் நில். முதலில் இரண்டு காது தெரியும். நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.