வானத்தில் அடையாளம் பார்ப்பது எப்படி: வன்னிக்காரருக்குச் சில குறிப்புகள்

முதலில் ஒரு சந்திர கிரகணத்தைப் பிடியுங்கள். 2025 செப்டெம்பர் 7 இரவு வந்தது நல்ல சரக்கு: 82 நிமிடம் நிலா செம்பாய்க் கிடந்தது. கிளிநொச்சி முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தபடியே பார்க்கலாம், செலவில்லை. பார்த்த கையோடு, நிலா இரத்தமாகும் என்கிற வேத வசனம் யோவேல் 2:31ஐ வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். பூமியின் காற்று நீலத்தைச் சிதறவிட்டு, சூரிய ஒளியின் சிவப்பை வளைத்து நிலாவில் பூசுகிறது என்று சயன்ஸ் ரீச்சர் சொன்னால், "பூச வைச்சது ஆர்?" என்று கேட்டுவிட்டு மெல்ல நகருங்கள்.

அடுத்தது நாள் பொருத்தம். 2014, 2015இல் வந்த நாலு முழுக் கிரகணமும் யூதரின் பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலும் விழுந்தன என்று அமெரிக்கப் பாஸ்டர்மார் புத்தகமே எழுதி விற்றார்கள். நீங்களும் சொல்லலாம். அந்தப் பண்டிகைகள் பூரணையை ஒட்டித்தான் வரும், சந்திர கிரகணமும் பூரணையில்தான் வரும் என்பதை மட்டும் வாய் தவறியும் விடாதீர்கள். விட்டால் பக்கத்து வீட்டு அண்ணை, "அப்ப போயாவை ஒட்டியும்தானே வருது, அது புத்தற்ரை அடையாளமோ?" என்பார்.

வேதத்தை ஊன்றி வாசிப்பவர்களிடமும் போகாதீர்கள். எரேமியா 10:2 அவர்களுக்குத் தெரியும். வானத்து அடையாளங்களுக்குக் கலங்கும் வேலையை அது இஸ்ரவேலருக்கே தடுத்திருக்கிறது.

சூரிய கிரகணம் என்றால் இன்னும் கவனம். 2019 டிசெம்பர் 26 காலை ஒன்பதரை மணிபோல வன்னி வானில் சூரியன் மூன்று நிமிடம் அளவில் நெருப்பு வளையமாய் நின்றது. சுனாமி வந்து சரியாகப் பதினைந்து வருடம்! இப்படி ஒரு பொருத்தத்தைக் கனடாச் சித்தப்பா விடுவாரா? அரை மணித்தியாலக் குரல்பதிவு வரும். தாராளமாக எல்லாக் குறூப்புக்கும் அனுப்புங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் நின்று மட்டும் அதைப் போட்டுக் கேட்காதீர்கள். சுனாமி நினைவு நாளில் பூவும் மெழுகுதிரியும் கொண்டு வருகிற சனத்தில் ஆரேனும் ஒரு அம்மா திரும்பிப் பார்ப்பார்.

"தம்பி, வளையம் எத்தினை மணிக்கு, எந்த ஊரிலை தெரியும் எண்டு கணக்குப் போட்டு எப்பவோ சொல்லிப்போட்டினம். சுனாமி வந்த அண்டைக்கு ஞாயிறு, நாங்கள் பூசைக்கும் போனனாங்கள். சுமாத்திராவிலை நிலம் அதிர்ந்து இஞ்சை கடல் வர ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை கிடந்தது. அப்ப உந்த வானத்திலை ஒண்டும் காணேல்லையோ?"