கினோவா கசக்கிறதா?

கேள்வி: அப்பாவுக்கு இனிப்புநீர். சோற்றுக்குப் பதில் கினோவா சமைத்தேன். கசக்கிறது, கூழாகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். என்ன செய்யலாம்?
- வாசகி, ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: அப்பா சொன்னது சரிதான், அம்மா! விதையின் மேலுறையில் சபோனின் இருக்கிறது. பறவை கொத்தாமல் இருக்கச் செடி வைத்த காவல்காரன் அது. நுண்ணிய வடிகட்டியில் போட்டு, நுரை அடங்கும் வரை கழுவுங்கள். அரிசிச் சல்லடை வேண்டாம், பாதி சிங்க்கோடு போய்விடும்.

ஒரு கப்புக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணீர், முடிச்சிட்ட பாண்டான் இலை ஒன்று. கொதித்ததும் சிறுதீயில் மூடி 15 நிமிடம். ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வால் சுருண்டு வெளிவந்தால் பதம். ஐந்து நிமிடம் விட்டு முள்கரண்டியால் உதிர்த்து, கடுகு, கறிவேப்பிலை, கச்சான் தாளித்து எலுமிச்சை பிழியுங்கள். நெத்திலி சம்பல் பக்கத்தில் இருந்தால் அப்பா மறுசோறு கேட்பார். கொடுக்காதீர்கள்! வெந்த 100 கிராமில் சுமார் 4 கிராம் புரதம் உண்டு, வெள்ளைச் சோற்றைவிட அதிகம், நார்ச்சத்தும் கூடுதல். ஆனால் மாவுச்சத்தும் இருக்கிறது, அளவு முக்கியம். மருந்து மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது.

விலை கையைக் கடித்தால், ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவான் கடைகளில் சாமை, வரகு கேட்டுப் பாருங்கள்.