வெள்ளை ஒயின் இலக்கணம்: இத்தாலியப் படலம்

இத்தாலிய வெள்ளை ஒயின் நால்வகைப்படும். அவை எரிமலையன, கதையன, நுரையன, தாழியன என்பன. ஐந்தென்பாரும் உளர். அவர் பினோ கிரிஜோவைத் தனி வகையாக்குவர். அஃது ஒழிபில் வரும்.

எரிமலையன: வெரோனாவுக்குக் கிழக்கே கார்கானெகா திராட்சையிலிருந்து வரும் சோவாவே, அவெல்லினோ மலைப்புறத்துக் கிரேக்கோ தி தூஃபோ, எட்னாச் சரிவின் காரிக்காந்தே முதலாயின. சோவாவேக் குன்றுகளில் சுண்ணாம்பும் உண்டே எனின், உண்டு. சிறப்புப் பற்றிக் கூறினாம். கிரேக்கோவை முகர்ந்து கந்தகம் தெரிகிறது என்பாரை நகைக்க வேண்டா. தூஃபோவில் கந்தகச் சுரங்கமே இருந்தது. இவ்வகை நாவில் முதலிடத்துப் புளிக்கும். இடையில் உப்பின் சாயல் காட்டும். கடையில் வாதுமைத் தோல்போல் மெல்லக் கைக்கும். அந்தக் கடைக்கைப்பே இத்தாலிய வெள்ளையின் உயிர் என்பது இவ்வுரைகாரன் துணிபு. அடுத்த வாய் மீனையும் அடுத்த மிடறையும் கேட்க வைப்பது அதுவே.

கதையன: ஒயினைவிடக் கதை பழையதாகவும் சுவையுடையதாகவும் இருப்பன. 12ஆம் நூற்றாண்டில் ரோமுக்குப் புறப்பட்ட ஜெர்மானிய ஆயர் ஒருவர், நல்ல ஒயின் உள்ள விடுதிக் கதவில் 'எஸ்த்' (உண்டு) என்று எழுதிவைக்குமாறு பணியாளை முன்னே அனுப்பினாராம். மோந்தெஃபியாஸ்கோனேயில் அவன் மூன்று முறை எழுதிவிட்டான். ஆயர் அங்கேயே தங்கிக் குடித்து இறந்தார் என்பர், கல்லறையும் காட்டுவர். இன்று அம்மூன்று 'எஸ்த்'தையே பெயராகக் கொண்டு விற்பதைப் பருகியவர்க்கு ஓர் ஐயம் எழும்: முந்தைய ஊர்களில் அவனுக்கு எதைத்தான் ஊற்றினார்கள்?

அவ்வூருக்குக் கீழேயுள்ள போல்சேனா ஏரியின் விலாங்கையும் வெர்னாச்சா ஒயினையும் விரும்பி உண்ட குற்றத்துக்காக, நான்காம் மார்ட்டின் போப்பைத் தாந்தே தம் காவியத்தில் பட்டினி போட்டார். அந்த வெர்னாச்சா சான் ஜிமிஞ்ஞானோவினதா என்பதில் அறிஞர்க்கு வழக்குண்டு. ஊரார்க்கு இல்லை. 1966இல் இத்தாலியின் முதல் புவிசார் ஒயின் தகுதியும் அவர்களுக்கே கிடைத்தது.

நுரையன பற்றி விரித்தல் வேண்டா. ப்ரொசெக்கோ திராட்சையின் பெயராக இருந்தது. பிற நாட்டார் எடுத்துக்கொள்ளாதபடி 2009இல் திராட்சையைக் கிளேரா ஆக்கி, பழைய பெயரை நிலத்துக்கு உரியதாக்கினர். மொஸ்காத்தோ தாஸ்தியில் ஆல்கஹால் ஏறத்தாழ 5 விழுக்காடே. அதனால் தள்ளாடினேன் என்பார் வேறொன்றும் குடித்தவர்.

தாழியன: ஸ்லொவேனிய எல்லையோர ஒஸ்லாவியாவில் யோஷ்கோ கிராவ்னர், ஜார்ஜியாவிலிருந்து வந்த பெருந்தாழிகளை மண்ணில் புதைத்து, ரிபொல்லாச் சாற்றைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிட்டார். 2001இல் அம்முறைக்கு முழுதும் மாறினார். பிற வெள்ளைகளில் தோலை உடனே பிரித்துவிடுவர். ஆகவே இது அம்பர் நிறம் பெறும். வெள்ளை அன்றே எனின், வெள்ளைத் திராட்சை என்பதனால் அமைக்க. ஒருவர் செய்தது வகையாகுமோ எனின், பலர் பின்பற்றினமையின் ஆகும்.

ஒழிபு: பினோ கிரிஜோவின் தோல் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. 1961இல் சாந்தா மார்கெரிதா நிறுவனம் தோலை நீக்கி அதை வெள்ளையாக்கியது. பின்னர் அது கடல் கடந்து பெருகிற்று. பெருகியவற்றுள் பல, கைப்பைக் கரையிலேயே விட்டுச் சென்றன. ஆல்ட்டோ அடிஜே மலைகளில் விளைவது இவ்விதிக்கு விலக்கு.

பருகும் முறை: எரிமலையனவற்றை 10 முதல் 12 பாகையில் ஊற்றுக, அதனினும் குளிர்ந்தால் கைப்பு ஒளிந்துகொள்ளும். தாழியனவற்றுக்கு இன்னும் வெதுவெதுப்பு ஆகும். மலிவான பினோ கிரிஜோவை எவ்வளவு குளிர்விக்க இயலுமோ அவ்வளவும் குளிர்விக்க.