வாராமையியல்: காசு கொடுத்து மாடல் அமர்த்துதல் குறித்த முதற்கட்ட ஆய்வு

சென்னையிலும் திருப்பூரிலும் ஜவுளிக்கடைகளுக்காகவும் ஆன்லைன் விற்பனைக்காகவும் காசு கொடுத்து அமர்த்தப்படும் மாடல்கள், அவர்கள் வருவார்கள் என்று நம்பி லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர்கள் ஆகிய இரு தரப்பார் மட்டுமே இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்குவர். கல்யாணப் போட்டோகிராபர்கள் விலக்கப்படுகிறார்கள். அவர்களுடைய மாடல்கள் முகூர்த்தத்துக்கு எப்படியும் வந்துவிடுவார்கள். வராவிட்டால் அது வேறு துறையினர் ஆராய வேண்டியது.

இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு செய்யாமையால் இவ்வாய்வு தேவையாகிறது. இந்த வாக்கியம் இல்லாமல் தமிழில் ஆய்வேடு தொடங்கக் கூடாது என்று எம்.ஃபில். காலத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எவரும் செய்யாமல் விட்டதற்கு நல்ல காரணம் இருக்கலாமே என்று எந்த நெறியாளரும் கேட்டதில்லை. கருதுகோள்: மாடல் வருவார். கருதுகோள் ஆய்வின் முடிவில் பொய்த்துப்போகலாம் என்பதற்கு நெறிமுறையில் இடம் உண்டு.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். மாடல் கிடைக்காத சிக்கல் செல்போன் வந்த பிறகு வந்தது என்பார் உளர். அது பொருந்தாது. கேமராவால் எடுத்து இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், பிரான்சில் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் எடுத்தது. அதில் என்ன இருக்கிறது? மாடி ஜன்னலிலிருந்து தெரியும் கூரையும் சுவரும். ஆள் இல்லை. படம் பதியப் பல மணி நேரம் பிடித்ததால் அசையாப் பொருளைத்தான் எடுக்க முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குவார்கள். யாரோ காலையில் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், பொழுது ஏறியும் வரவில்லை, தயார் செய்த தகட்டை வீணாக்குவானேன் என்று ஜன்னலுக்கு வெளியே திருப்பிவிட்டார் என்பதே தொழில் தெரிந்தவர் கொள்ளும் உரை (வாடகை ஸ்டூடியோ வாட்ச்மேன், வாய்மொழி).

1838இல் டாகேர் பாரிஸின் பெருந்தெரு ஒன்றை எடுத்தார். நடமாட்டம் மிகுந்த தெருதான். ஆனால் நகர்ந்துகொண்டிருந்த எவரும் பதியவில்லை. காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். புகைப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர் என்று இவரைத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கவில்லை, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் இருந்தார், அசையவில்லை, 'எல்லா ரா ஃபைலும் அனுப்பிடுங்க' என்று கேட்கவில்லை. பத்துப் பொருத்தமும் அமைந்த மாடல். தாம் மாடல் என்பது அவருக்குத் தெரியாது என்பதே இதற்குக் காரணம்.

அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் கேமராவுக்கு முன்னால் தாமே போய் நின்றார். அதற்கடுத்த ஆண்டு, 1840இல், இப்போலித் பயார் தம்மையே நீரில் மூழ்கிச் செத்தவராக வைத்துப் படமெடுத்தார். தாமும் ஒரு புகைப்பட முறையைக் கண்டுபிடித்திருந்தும், பிரெஞ்சு அரசு டாகேருக்கு ஓய்வூதியம் கொடுத்துவிட்டுத் தம்மைக் கண்டுகொள்ளாத மனக்குறையில் செய்தது அது. மாடலும் கிடைக்காமல் பேமென்ட்டும் வராமல் போன முதல் புகைப்படக்காரர் என்ற முறையில் இத்துறையின் ஆதிகுருவாக இவரை நிறுத்தலாம். இரு கண்டங்களில் இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் தாமே மாடலாக நின்றது தற்செயல் என்போர் வாய்மொழித் தேர்வுக்கு வந்து கேட்கட்டும்.

மாடல் வராமைக்கு ஒரு தீர்வைக் கண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகள் வாங்கிக் கொடுத்த கேமராவில் தொடங்கியவர். வீட்டு வேலைக்காரப் பெண்களையே மாதாவாகவும் தேவதையாகவும் நிறுத்தி எடுத்தார். சம்பளத்தில் இருப்பவர் கால்ஷீட் தராமல் எங்கே போவார்? 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்குப் போன பிறகும் பழக்கம் விடவில்லை. களுத்துறை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த்துக்குச் சால்வை போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, குத்தும் தென்னோலைகளுக்கு நடுவே உச்சிவெயிலில் நிற்க வைத்தார். விருந்தாளி வந்த பிறகு ஷூட்டை கேன்சல் செய்ய முடியாது என்னும் இந்த நுட்பத்தை நம் துறையினர் கைவிட்டுவிட்டது வருந்தத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களில் தலை ஆடாமலிருக்கப் பிடரியில் பொருத்திய இரும்புக் கவ்வியும் இன்று வழக்கொழிந்தது. அதை வைத்திருந்தவர்கள் குறைந்தபட்சம் வந்த ஆளைப் போகவிடவில்லை.

இனி இடர்களின் வகைப்பாடு. உயரம்: மாடல் அனுப்பும் விவரக் கார்டில் உள்ளது ஹீல்ஸ் உட்பட. முகம்: அனுப்பிய படம் பழையது, ஃபில்டர் உட்பட. டாட்டூ: கேளாதார் கேடு. கோஆர்டினேட்டர்: தனி ஆய்வு, தனி கமிஷன். அளவு: குர்த்தி தொளதொளத்தால் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கலாம், பிடித்தால் முதுகுப்பக்கம் தையலைப் பிரித்துவிடலாம், ஆன்லைனில் துணி வாங்குவோர் முன்பக்கத்தை மட்டும் நம்புகிறவர்கள் என்பது இத்தொழிலின் அடிப்படைக் கோட்பாடு.

வகைகள் இவ்வளவே. மையப் பனுவலுக்கு வருவோம்.

பனுவல் சிறியது: 'வந்துட்டே இருக்கேன் சார்.' கிடைத்த இடம் வாட்ஸப். காலம், கால் டைம் ஆறரை எனில், ஏழே கால். பாடபேதங்கள் உண்டு. 'ஆன் த வே சார்' என்பது நகர வழக்கு. 'சார்' இல்லாத பாடம் பிற்காலத்தது. மூன்றாவது மிஸ்டு காலுக்குப் பின் எழுந்தது (மேக்கப் கலைஞர், வாய்மொழி). 'டென் மினிட்ஸ்' என்று கூடுதலாகக் காணப்படும் பிரதிகளில் அது இடைச்செருகல் என்று கொள்க. ஏங்கிக் கிடந்த வாசகனின் மனம் குளிரச் சேர்க்கப்பட்டது; மூல ஆசிரியருக்கு அப்படியொரு கருத்து இருந்ததற்கு அகச்சான்று இல்லை.

இப்பனுவலில் அறிஞரை இரு கட்சியாகப் பிரிக்கும் வினா ஒன்றுண்டு. இதை இயற்றிய வேளையில் ஆசிரியர் எங்கே இருந்தார்? படுக்கையில் என்பது தொல்லுரை. குளியலறையில் என்பது புத்துரை. ஆட்டோவில் என்று ஒரு சிறுபான்மைக் கொள்கையும் உண்டு. அதை முன்வைத்தவர் தொழிலுக்குப் புதியவர் (அதே மேக்கப் கலைஞர், வாய்மொழி, பிரஷ்ஷைத் துடைத்தபடி). தொல்லுரைகாரர்கள் ஒலிச்சான்று காட்டுவார்கள். எழுத்துக்குப் பதில் குரல்வழி அனுப்பப்பட்ட பிரதியொன்றில் பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது. ஆட்டோவில் குக்கர் விசில் வராது என்பது வாதம். வடபழனி சிக்னலில் எந்தச் சத்தமும் வரும் என்பது எதிர்வாதம். விசில் இரண்டோடு நின்றதா, மூன்றாவதும் வந்ததா என்பதில் லைட்மேனுக்கும் உதவியாளருக்கும் கருத்து வேறுபாடு. மூன்று எனில் பருப்பு, பருப்பு எனில் சாம்பார், சாம்பார் எனில் இன்னும் ஒரு மணி நேரம் என்று காலக்கணிப்பு செய்யும் மரபு இதிலிருந்துதான் கிளைத்தது (லைட்மேன், வாய்மொழி, ஏணிமேலிருந்து, உதவியாளரின் மறுப்புரையோடு, ஏணியைப் பிடித்தபடி).

இலக்கியச் சான்று போதாது, கல்வெட்டு வேண்டும் என்று கேட்பவர்களுக்காக லைவ் லொகேஷன் இருக்கிறது. அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்ததில் நீலப்புள்ளி வளசரவாக்கத்தில் நிலைபெற்றிருந்தது. கல்வெட்டு இருந்த இடத்தில் இருப்பதுதானே முறை என்று உதவியாளர் அமைதி கூறினார். ஆட்டோக் கொள்கையினர் இங்கே ஆற்காடு சாலையைத் துணைக்கு அழைப்பார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக அந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில், படுக்கையில் இருப்பவரின் புள்ளிக்கும் வண்டியில் இருப்பவரின் புள்ளிக்கும் கண்டறியத்தக்க வேறுபாடு கிடையாது. ஆகவே புள்ளி நகராமை எந்தக் கட்சிக்கும் சான்றாகாது என்று தீர்ப்பு எழுதி, ஸ்டீமரை அணைத்துவிட்டு, எல்லோரும் இட்லி தின்னப் போனோம் (அதே மேக்கப் கலைஞர், வாய்மொழி, திருத்திய இரண்டாம் பதிப்பு, தையற்காரம்மாவின் விருத்தியுரையோடும் கெட்டிச் சட்னி குறித்த பின்னிணைப்போடும், ஸ்டூடியோவின் பின்படிக்கட்டு, கீழிருந்து மூன்றாம் படி).

இவ்வாய்வு முழுமை பெறத் திணை பொருத்தியாக வேண்டும். செல்போன் கடை விளம்பரத்துக்கும் சிறுதானியக் கொழுக்கட்டைக்கும் திணை பொருத்தி முனைவர் ஆனவர்கள் இருக்க, மாடலுக்குப் பொருத்தினால் என்ன? காத்திருப்பது முல்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் போய்க்கொண்டிருக்க வராதவரை எண்ணி இரங்குவது நெய்தல். இங்கு முதற்பொருளும் உரிப்பொருளும் ஒருங்கே அமைந்ததைக் காண்க. 'அட்வான்ஸ் மட்டும் வாங்கத் தெரிஞ்சுதா?' என்று கேட்டபின் எழுவது மருதம். நம்பரை பிளாக் செய்தபின் எஞ்சுவது பாலை. குறிஞ்சி இவ்வாய்விலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் திணையை மனத்தில் வைத்து மாடல்களுக்கு நள்ளிரவில் மெசேஜ் அனுப்பும் கேமராக்காரர்கள் காவல் நிலையத்துக்கு உரியவர்கள். இலக்கணம் அவர்களை ஏற்காது.

அம்மாவையோ அண்ணனையோ உடன் அழைத்து வரலாமா என்று மாடல் கேட்பதைத் துறையில் பலர் இடராக எண்ணி எரிந்து விழுவதற்கும் மேற்படி ஆசாமிகளே காரணம். உண்மையில் இது இடரே அன்று. உடன்வரும் அம்மாதான் அந்த அறையில் நேரம் பார்க்கும் ஒரே ஆள். ரிஃப்ளெக்டர் பிடிக்கச் சொன்னால் கை தாழாமல் பிடிப்பவர். 'தோள்ல ஊக்கு தெரியுதே தம்பி' என்று கேமராவுக்கும் முன்னால் கண்டுபிடிப்பவர். அம்மா வேண்டாம் என்று சொல்லும் புகைப்படக்காரரிடம் போகாதீர்கள் என்பதை ஆய்வு மொழியில் எழுத வழியில்லாததால் நேராகவே எழுதுகிறேன்.

இராகு காலம் குறித்து ஓர் அடிக்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு. நாங்கள் கோல்டன் அவர் என்று சொல்லித் தவம் கிடக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. மாடல்களுக்கு ஆபீஸ் லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். கிளையன்ட்டோ இராகு காலத்தில் முதல் ஷாட் வைக்கக் கூடாது என்பவர். முப்பொருட் சிக்கல் என்று கணிதத்தார் கூறுவது யாதோ அறியேன், இதுவாக இருக்கலாம்.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வராமல் போவது மோசடி என்று துறையில் பொதுவாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழகச் சூழலில் இதற்கு வேறு பெயர்கள் உள. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு வரும் சில ஆய்விதழ்கள் கட்டணத்தை ஜீபேயில் வாங்கிக்கொண்டு, கட்டுரையைப் படிக்காமலே மறுநாள் வெளியிட்டு, பி.டி.எஃப்.பில் சான்றிதழும் அனுப்புகின்றன. கருத்தரங்கத்தில் ஒரு சொல்லும் எழுதாத நெறியாளரின் பெயர் கட்டுரையின் முதலில் வந்தால் அது கூட்டாய்வு. வராத மாடலின் பெயரை நாங்கள் படத்துக்குக் கீழே போடுவதில்லை. இந்த அளவில் எங்கள் துறை பின்தங்கியிருக்கிறது.

மாடல் தரப்புச் சான்றுகளையும் ஆராய வேண்டுவது முறை. அவர்களிடம் உள்ள பனுவல் ஒன்றே ஒன்று: 'சார் பேமென்ட்?' நாற்பது புடவை, ஒவ்வொன்றுக்கும் மடிப்பு எடுத்துக் கட்டி, முந்தானையை விரித்து, முன், பக்கம், உட்கார்ந்து என்று ஒரே நாளில் முடித்துக் கொடுத்த பெண், மீதிப் பணத்துக்காக மாதக் கணக்கில் இதை நகலெடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார். அதற்குப் புகைப்படக்காரர்கள் இயற்றும் மறுமொழி, 'கிளையன்ட் இன்னும் தரலம்மா.' கிளையன்ட்டிடம் கேட்டால் அக்கவுன்ட்ஸில் இருக்கிறது. அக்கவுன்ட்ஸில் கேட்டால் முதலாளி கையெழுத்துக்குப் போயிருக்கிறது. பதிவு செய்துகொண்ட சிறு, குறு தொழில் செய்வோருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதன் இன்றைய நிலை முதற்சங்க நூல்களின் நிலை: இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், வைத்துப் பார்த்தவர் கிடையாது. வராத மாடலைப் பற்றி இத்தனை பக்கம் எழுதும் துறை, வந்து வேலையை முடித்துவிட்டுப் போன மாடலுக்குப் பணம் போகாததைப் பற்றி ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. அதற்குத் தலைப்புப் பதிவு செய்யலாமா என்று நெறியாளரைக் கேட்டேன். எனக்கு நெறியாளர் லைட் வாடகைக்கு விடுபவர்தான். "முதல்ல என் போன மாசத்து பாக்கிய அனுப்பு தம்பி" என்றார். கிளையன்ட் இன்னும் தரவில்லை என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.