செயலற்ற கணக்கு மேலாளருக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு மனு

பெறுநர்: செயலற்ற கணக்கு மேலாளர் அவர்கள், கூகுள் நிறுவனம்.

பொருள்: கடலில் காணாமல் போனவர் எந்தத் தேதியில் சாகலாம் என்று தெளிவுபடுத்தக் கோருதல்.

ஐயா,

2013 முதல் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள், ஒரு தடவைகூட டிரான்ஸ்பர் இல்லை. வாழ்த்துகள். ஒருவர் 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கைத் தொடாவிட்டால், அவர் முன்பே குறித்துவைத்த பத்துப் பேர் வரை கூப்பிட்டு மெயில், போட்டோ எல்லாம் ஒப்படைக்கிறீர்கள். கரையில் சாகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

2020 ஜூலையில் இந்த மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பத்துப் பேரோடு போன விசைப்படகு ஐம்பது நாளுக்கு மேல் தகவலே இல்லாமல், செப்டம்பரில் மியான்மர் பக்கம் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் மிதந்திருந்தால் ஆளுக்கு முன்னால் நம்பர் செத்திருக்கும். ப்ரீபெய்டு சிம்மில் 20 ரூபாயும் இல்லாமல், 90 நாள் பயன்பாடும் இல்லாமல் போனால் போன் கம்பெனி நம்பரைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி.

நீங்களோ கெடு முடியுமுன் கணக்குக்காரர் நம்பருக்கே எச்சரிக்கை அனுப்புவீர்கள். ஒரு வருடக் கெடு என்றால், அதற்குள் அந்த நம்பர் கோயம்புத்தூரில் யார் சட்டைப்பையிலோ இருக்கலாம். “இருக்கிறீர்களா?” என்றால் அவர் என்ன சொல்வார்? இருக்கிறார்தானே!

யாரையும் குறிக்காமல் போனவர் கணக்கை 2 ஆண்டில் அழிக்கலாம் என்பது உங்கள் விதி. தகவலே இல்லாமல் 7 ஆண்டு போனால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது எங்கள் சாட்சியச் சட்டம். வீட்டம்மா இறப்புச் சான்றிதழோடு வரும்போது உங்களிடம் என்ன மிஞ்சியிருக்கும்? பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ போகட்டும். எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு), எங்கே வலை கிழியும் என்று ஜிபிஎஸ் திரையைப் போட்டோ எடுத்து வைத்திருப்பாரே, அப்பன் மகனுக்கு விட்டுப்போகிற நிலம் இங்கே அதுதான்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாமினி நியமிக்க உரிமை எழுதிவைத்திருக்கிறது, இறந்தாலோ செயலிழந்தாலோ. காணாமல் போனவர் இரண்டிலும் சேர மாட்டார். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஏழாண்டு காக்கவைக்காமல் அரசாங்கமே நிவாரணம் கொடுத்தது. அரசாங்கத்தைவிட மெதுவாக நடக்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

ஆகவே, 18 மாதத்துக்குக் கீழே ‘7 ஆண்டு’ என்று ஒரு வரி சேர்க்கவும். கூடவே, ‘தொழிலுக்குப் போயிருக்கிறார்’ என்று ஒரு பொத்தானும்.

இப்படிக்கு,
கரையில் நிற்பவன்

நகல்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். பதிலை 90 நாளுக்குள் அனுப்பினால் இதே நம்பரில் கிடைப்பேன்.