சுழல் இயக்குநர்

மாவட்ட மகளிர் திட்டத்துக்கு வரும் திட்ட இயக்குநரை ஊரில் யாரும் அவ்வளவு நீட்டி அழைப்பதில்லை. ‘பி.டி. சார்’ என்றால் போதும். ஆள் மாறினாலும் கூப்பிடும் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்பது இதில் உள்ள வசதி.

புது பி.டி. சார் பொறுப்பேற்ற மூன்றாம் நாள் வி.சி., அதாவது வீடியோ கான்பரன்ஸ், வைப்பார். முதல் இரண்டு நாளும் சால்வை வாங்கவே சரியாக இருக்கும். பத்தரை மணிக் கூட்டத்துக்குப் பத்து மணிக்கு வாட்ஸப்பில் லிங்க் வரும். ‘சுழல் நிதி வாங்கின குழு எல்லாம் கட்டாயம் உக்காரணும்’ என்று வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு குரல் பதிவும் பின்னாலேயே வரும். மகளிர் குழுக் கூட்டமைப்புக் கட்டடத்தில் ஒரே நிறச் சேலையில் பெண்கள் பாய் விரித்து உட்காருவார்கள். நடுவில் ஒரு செல்போன், அது சாய்ந்துகொள்ள ஒரு சொம்பு. சொம்பில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சின் நடுவே சார் மல்லாந்துவிடுவார்.

திரையில் சார் தோன்றுவார். முதுகுக்குப் பின்னால் ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை. அவ்வப்போது அந்தக் கடலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, கோப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்குள் போய்விடும்.

முதல் நான்கு நிமிடம் மியூட்டிலேயே பேசுவார். பெண்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். சரியான இடத்தில் கையும் தட்டுவார்கள். சத்தம் வரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “சொல்றதுக்கு என்னா இருக்கு? நான் பேச வரல, நீங்க பேசறதக் கேக்க வந்திருக்கேன்னு சொல்லிக்கிட்டிருப்பாரு” என்பார் தலைவி அக்கா. மியூட்டை எடுத்ததும் காதில் விழும் முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதன்பின் நாற்பது நிமிடம் சார் பேசுவார்.

பேச்சில் பஞ்ச சூத்திரம் கட்டாயம் உண்டு. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், உரிய நாளில் தவணை, சரியான கணக்கு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் 1989-இல் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது சார் ‘அம்மா, ஆடு’ எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட ஆயாவுக்கு, சேமிப்பு என்றால் என்ன என்பதை இப்போது அவர் பவர் பாயின்டில் அம்புக்குறி போட்டு விளக்குவார். ஆயாவும் “சரிங்க சாமி” என்பார். பேரப்பிள்ளை வீட்டுப்பாடத்தை ஒப்பிக்கும்போதும் ஆயா இப்படித்தான் கேட்டுக்கொள்வார்.

ஒவ்வொரு பி.டி. சாருக்கும் ஒரு கனவுத் தொழில் உண்டு. காளான் சார், சணல் பை சார், பாக்குமட்டைத் தட்டு சார் என்றுதான் ஊர் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. பாக்குமட்டைத் தட்டு சார் காலத்தில், மட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. சணல் பை சார் வாங்கச் சொன்ன தையல் மெஷின் கட்டடத்தின் மூலையில் இருக்கிறது. அதன் அடியில் ஒரு கோழி அடைகாக்கிறது. இதுவரை லாபத்தில் ஓடும் யூனிட் அது ஒன்றுதான். இப்போது வந்திருப்பவர் சிறுதானிய பிஸ்கட் சார்.

அரசாங்கத்தில் சுழல்பவை இரண்டு: நிதியும் இயக்குநரும். நிதி சுழன்றால் வட்டியோடு திரும்பி வரும். இயக்குநர் சுழன்றால் அடுத்த மாவட்டத்துக்குப் போவார். அங்கேயும் மூன்றாம் நாள் வி.சி. வைப்பார்.

இந்தத் தடவை நடந்த வி.சி.யில் மட்டும் சின்னதாக ஒன்று பிசகியது. சார் கடைசியில் வழக்கமான கேள்விக்கு வந்தார். “உங்களுக்குச் சுழல் நிதி 15,000 ரூபாய் குடுத்திருக்கோம். அத வெச்சு என்ன யூனிட் போட்டீங்க? போனைத் திருப்பிக் காட்டுங்க பார்ப்போம்.”

மெஷின் பக்கம் திருப்பலாமா என்று ஒருத்தி பார்த்தாள். கோழி முறைத்தது. பொருளாளர் அக்கா சொம்பருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

“அத காட்ட முடியாதுங்க சார். அது ஒரு எடத்துல நிக்காது. மூணு மாசம் குழு ஒழுங்கா நடந்துச்சுன்னு தரம் பாத்துக் குடுத்தீங்க. மானியந்தான், உங்களுக்குத் திருப்ப வேணாம். ஆனா நாங்க எங்களுக்குள்ள திருப்பணுமில்ல? மொதல்ல ஒரு ஆட்டுல இருந்துச்சு. ஆடு குட்டி போட்டு வித்ததும் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போச்சு. அங்கேருந்து திரும்பி ஒரு புள்ளையோட காலேஜ் பீஸ் ஆச்சு. இப்ப டீக்கடை பாய்லர்ல கொதிச்சுக்கிட்டிருக்கு. அடுத்த மாசம் வட்டியோட வந்துட்டா, இதோ இந்த அக்கா வூட்டுக்கு ஓடு மாத்தணும்.”

திரையில் அசைவே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்து ஆயா முந்தானையால் போனைத் துடைத்தார். சார் கையிலிருந்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதில் எழுதியிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, அவங்க இப்ப எப்படி இருக்காங்க?”

“நாந்தாங்க சார் அது” என்றார் பொருளாளர் அக்கா. “நல்லாருக்கேன்.”

கடற்கரையிலிருந்து நீண்ட கையை அந்த ஒரு தடவை மட்டும் சார் திருப்பி அனுப்பினார்.

வி.சி. முடிந்ததும் கணக்கு எழுதும் பெண் சுவரருகே போனாள். தொடர்பு எண்கள் எல்லாம் அங்கே பெயின்ட்டில் எழுதியிருக்கும். பி.டி. சார் என்பதற்கு எதிரே மட்டும் அழித்து அழித்து வெளுத்துப்போன ஓர் இடம்.

“நல்லவராத் தெரியறாரு. இவரு பேரை பெயின்ட்லயே எழுதிடவாக்கா?”

தலைவி அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

“இதுலயே எழுது. ஆனா அழுத்தி எழுது.”