எட்டுக் குதிரையும் ஒரு மச்சானும்

சின்ன வண்டி என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் தர்மபுரிக்காரர்களுக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற இந்தியாவின் முதல் மொபெட் டிவிஎஸ் 50, 1980 ஆகஸ்டில் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து உருண்டு வெளியே வந்தபோது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 1984-ல் ஜப்பான் கூட்டில் வந்த முதல் 100 சிசி பைக்கான இண்ட்-சுசுகியும் அதே ஊரில் பிறந்ததுதான். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஓசூரும் தொழிற்சாலையும் அந்தப் பக்கம் போய்விட்டன. பாகப்பிரிவினையில் தர்மபுரிக்கு மிஞ்சியவை ஒகேனக்கல்லும், பாலக்கோட்டுத் தக்காளியும், தொப்பூர் கணவாயும்.

தொப்பூர் பெயரைக் கேள்விப்படாத லாரி டிரைவர் இந்தப் பக்கம் இருக்க முடியாது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44, தர்மபுரி மேட்டை விட்டுச் சேலத்துப் பக்கம் இறங்குகிற இடம் அது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிக் கைவிட்டு, முன்னால் போகிறவர்கள் மேல் பாய்ந்த லாரிகளால் அந்த ஊர்ப் பெயர் பேப்பரில் அடிக்கடி அடிபடும். அந்தக் கணவாய் வழியாக, டிஎன் 29 பதிவெண் கொண்ட ஒரு 100 சிசி வண்டியில், வாரக் கடைசியில் சேலத்து மாமனார் வீட்டுக்குப் போய்வருகிறார் ஒரு கணக்கு வாத்தியார். பின் சீட்டில் மச்சான். அக்கா வீட்டில் தங்கி தர்மபுரியில் வேலைக்குப் போகிறவர். எடை 80 கிலோ. இந்த எண் பின்னால் தேவைப்படும்.

பாலக்கோடு ரோட்டிலும் பென்னாகரம் ரோட்டிலும் அந்த வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. நாலுவழிச் சாலையில் ஏறியதும்தான் அதற்குத் தன் நிலைமை புரியும். இடது ஓரமாக 65-ல் போகும்போது பின்னால் வருகிற லாரி ஹாரன் அடிக்கும். அது வழி கேட்டு அடித்ததா, அனுதாபம் தெரிவித்து அடித்ததா என்று வாத்தியாருக்கு விளங்காது. ஆம்னி பஸ் ஒன்று கடந்தால் காற்று முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும். தள்ளும்போது மச்சான் "மாமா" என்பார். இழுக்கும்போது "முருகா" என்பார்.

வண்டிக்குப் பவர் ஏற்றியே தீருவது என்று வாத்தியார் முடிவு செய்தார்.

இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் கணக்கில் முதல் வேலை. இந்த ரகத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிற ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை எடுத்துக்கொண்டால், 97.2 சிசி எஞ்சின், நிமிஷத்துக்கு 8000 சுற்றில் 8.02 பிஎஸ் தருகிறது. சுருக்கமாக, எட்டுக் குதிரை. அந்த எட்டும் முழுசாகத் தர்மபுரியில் கிடைக்காது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று நூற்றுக்கு நாலைந்து பங்கு மெல்லிசு. காற்று குறைந்தால் பெட்ரோல் எரிவதும் குறையும். கிக்கரை உதைப்பதற்கு முன்பே ஒரு குதிரையில் மூன்றில் ஒரு பங்கை ஊர் வாங்கி வைத்துக்கொள்கிறது. பதிவுக் கட்டணம் தனி.

வாத்தியாரின் முடிவு டீக்கடைக்கு எட்டியதும் ஆலோசனைகள் குவிந்தன. தமிழ்நாட்டில் வைத்தியத்துக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் தெரிந்த துறை டூவீலர் மெக்கானிசம்.

முதலில் பேசியவர் சைலன்சர் கட்சி. "உள்ள இருக்கிற தடுப்பை எடுத்துருங்க சார், வண்டி மூச்சு விடும்." மூச்சு விடும், உண்மைதான், ஊரே கேட்கும்படி விடும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது நம்பும், ஸ்பீடாமீட்டர் நம்பாது. எஞ்சினுக்குள் போவதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் வெளியே போகிற வழியை மட்டும் திறந்துவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கேடு இன்னும் அதிகம். அதில் சைலன்சரின் வயிறு சும்மா உப்பியிருப்பதில்லை. புகையின் அழுத்த அலை அதில் மோதித் திரும்பி, தப்பி வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அதை வெட்டி எறிகிறவர் காசு கொடுத்துப் பவரைக் குறைத்துக்கொள்கிறார்.

இந்த வயிற்று ரகசியத்துக்காக ஒரு காலத்தில் நாடு விட்டு நாடு ஓடியிருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்கிற பொறியாளர், 1961 வாக்கில் 125 சிசியில் 25 குதிரை எடுத்துக் காட்டினார். அந்த வண்டியை ஓட்டிய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தோடு கம்பி நீட்டினார். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி மக்களைக் கார் டிக்கிக்குள் ஒளித்து எல்லை தாண்ட வைத்தார்கள். அவர் தலைக்குள் இருந்த வித்தையோடு போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. மறுவருஷமே, 1962-ல், 50 சிசி உலகப் பட்டம் அவருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. 1967-ல் அந்தக் கம்பெனி ஆர்கே67 என்று ஒரு 50 சிசி பந்தய வண்டியைச் செய்தது: இரண்டு சிலிண்டர், 14 கியர், நிமிஷத்துக்கு 17,000 சுற்றுக்கு மேல், பதினேழு குதிரைக்குக் குறையாமல். இதே சுசுகிதான் பிற்பாடு ஓசூரில் வந்து கைகோத்தது.

இதைப் படித்ததும் வாத்தியாருக்கு ஆசை வந்தது. மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னார். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "14 கியர் வச்சு நல்லம்பள்ளி சந்தைக்குள்ள எப்படி சார் போவீங்க?"

அடுத்த கட்சி, போர் கட்சி. சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. பவர் கூட்ட இது நிஜமான வழிதான். எஞ்சினில் பவரை மூன்று விதமாகத்தான் கூட்டலாம்: ஒவ்வொரு முறையும் அதிகக் கலவையை எரிக்கலாம், நிமிஷத்துக்கு அதிக முறை எரிக்கலாம், இருப்பதை இன்னும் இறுக்கி எரிக்கலாம். மூன்றுக்கும் கூலி உண்டு. கிராங்க், பேரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் எட்டுக் குதிரைக்குச் செய்தவை; பன்னிரண்டைப் பூட்டினால் எது முதலில் கழன்றுகொள்ளும் என்பது நடுரோட்டில்தான் தெரியும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்சி புத்தகத்தில் எழுதியிருக்கிற சிசியை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விடாது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. டீக்கடையில் வந்த யோசனைகளை வாத்தியார் அபராதக் கணக்கில் கூட்டிப் பார்த்தார். வண்டியை விற்றால் வரும் தொகையைத் தாண்டியது.

மூன்றாவது, பெட்ரோல் கட்சி. "95 ஆக்டேன் போடுங்க, பறக்கும்" என்றார் ஒருவர். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் அல்ல, பொறுமை. அதிக அழுத்தத்தில் நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் காத்திருக்கிற குணம். சாதா பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினுக்கு அந்தப் பொறுமையால் ஆவது ஒன்றும் இல்லை. பொறுமை தேவைப்படுவது பங்கில் பில் கட்டும்போதுதான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு என்பதையும் வாத்தியார் குறித்துக்கொண்டார்.

கடைசியில் அவர் மனசுக்குப் பிடித்தது ஸ்ப்ராக்கெட் யோசனை. முன்பக்கம் 14 பல் இருக்கிற இடத்தில் 15 பல் மாட்டினால், அதே எஞ்சின் சுற்றுக்குப் பின்சக்கரம் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகம் சுற்றும். செலவு குறைவு, விகிதக் கணக்கு, ஏழாம் வகுப்புப் பாடம். மெக்கானிக் அண்ணன் "வேணாம் சார்" என்று முனகிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சேலத்துக்குப் புறப்பட்டார்கள். பாளையம்புதூர் டோல்கேட்டைத் தாண்டியதும் வண்டி 80-ஐத் தொட்டது, 85-ஐத் தொட்டது, முள் 90-க்குப் பக்கத்தில் நடுங்கியது. மச்சான் பின்னாலிருந்து "மாமா, சூப்பர்" என்று கத்தினார். வாத்தியாருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. சேலம் போகிற பக்கம் முழுக்க இறக்கம் என்பது ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. ஏற்றத்தில் நாலாவது கியர் இழுக்கவில்லை. மூன்றாவதும் யோசித்தது. கரும்பு லோடு டிராக்டர் ஒன்று அவர்களை முந்த முயற்சி செய்தது.

அன்று இரவு வாத்தியார் நோட்டைத் திறந்தார். பல்லைக் கூட்டினால் வேகம் கூடும், இழுவை குறையும். குதிரை அதே எட்டுதான். நேர்ரோட்டில் அந்தக் குதிரைகள் யாருக்காக உழைக்கின்றன என்று பார்த்தார். பெரும்பாலும் காற்றைத் தள்ளுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்த ஆளோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றுக்கு மட்டுமே தோராயமாக ஐந்து குதிரை வேண்டும். இந்தத் தேவை வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 80-ஐ 100 ஆக்கினால் வேகம் கால் பங்குதான் கூடும். காற்று கேட்கிற குதிரை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நூறைத் தொட, டயருக்கும் செயினுக்கும் போவதையும் சேர்த்துப் பன்னிரண்டு குதிரையாவது வேண்டும். இது டீக்கடையில் கிடைக்காது. 98 சிசியில் 11 குதிரை காட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100-கூட டூ ஸ்ட்ரோக் என்பதால்தான் அதைக் காட்டியது. அது நிறுத்தப்பட்டது 1996-ல்.

இன்னொரு விஷயமும் நோட்டில் ஏறியது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பில் நாலுவழிச் சாலையில் பைக்குக்கு வைத்த அதிகபட்ச வேகமே 80-தான். அந்த 80 வண்டியிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கே போனது?

மெக்கானிக் அண்ணன் அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் எடுக்கவில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றினார். அரைச்சுற்று வந்து நின்றது. பிரேக் ஷூ டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. செயின் வறண்டு இறுகிக் கிடந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். செங்கல் சூளைப் பக்கத்துச் செம்மண் ஒரு குவியலாக விழுந்தது. டயரில் காற்று பாதிக்குக் கொஞ்சம் மேல். டேப்பட் இடைவெளி, கிளட்ச் கேபிள், பிளக் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பழைய 14 பல் ஸ்ப்ராக்கெட்டை மாட்டி, மறுபடி சக்கரத்தைச் சுழற்றினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. "பவரை ஏத்த வேணாம் சார், ஒழுகுறதை நிறுத்தினா போதும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சமதரையில் 80 சுலபமாக வந்தது. ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் திணறல். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிற மேடு, 50 கிலோமீட்டர் வேகம், 80 கிலோ கூடுதல் எடை என்று வைத்து வாத்தியார் விடை கண்டார்: முக்கால் குதிரை. மச்சான் ஒருவரைத் தூக்கிக்கொண்டு மேடேற மட்டும் எட்டில் முக்கால் குதிரை செலவாகிறது. ஸ்ப்ராக்கெட், சைலன்சர், பெட்ரோல் எதுவும் தராத லாபம், மச்சானைத் தொப்பூரில் இறக்கிப் பஸ் ஏற்றிவிட்டால் உடனே கிடைக்கும். இதை அவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டார். மச்சானின் அக்கா பாத்திரத்தை வைத்த சத்தத்தில், மேற்கொண்டு கணக்குப் போட வேண்டாம் என்று விளங்கியது.

ஆகவே நேரக் கணக்குக்குத் தாவினார். தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். சராசரி 60-ல் போனால் ஒரு மணி 5 நிமிஷம். அடித்துப் பிடித்துச் சராசரியை 75 ஆக்கினால் 52 நிமிஷம். இத்தனை பாட்டுக்கும் மிச்சம் 13 நிமிஷம்.

மச்சான் நோட்டை எட்டிப் பார்த்தார். "தொப்பூர்ல டீக்கு நிக்கிறது கால் மணி நேரம் மாமா. அதை விட்டா வண்டியில கையே வைக்க வேணாமே?"

"டீ குடிக்காம சேலத்துக்குப் போயி என்ன பண்றதாம்?" என்று வாத்தியார் சீறினார்.

"சரி சரி. அப்போ நிக்கிறப்ப எனக்கு மூணு மிளகா பஜ்ஜி சொல்லிருங்க."

வாத்தியார் நோட்டில் 80-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 81 என்று எழுதினார்.